கராஜில் ஒன்றரைக் குதிரை

பழைய என்ஜின் வைத்திருப்பவருக்கு மனைவியாக இருப்பதும் ஒரு தொழில்தான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, சீருடை மட்டும் உண்டு, எதை உடுத்தினாலும் ஓரத்தில் ஒரு எண்ணெய்க் கறை.

கணவர் கிரிக்கெட் பைத்தியம், கணவர் பங்குச் சந்தை, கணவர் வார இறுதியில் ட்ரோன் விடுபவர் என்று பலவகைச் சகோதரிகள் இதைப் படிப்பீர்கள். உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் வீட்டுச் சனியனை ஒரு கையால் தூக்கி அலமாரியில் வைத்துவிடலாம். எங்கள் வீட்டுச் சனியனைத் தூக்க நாலு ஆம்பிளைகள் வேண்டும்.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். நூறு வருஷத்துக்கு முந்திய பண்ணை என்ஜின். ஒரே சிலிண்டர், இரண்டு பக்கமும் கனமான இரும்புச் சக்கரங்கள், தலையில் திறந்த தண்ணீர்த் தொட்டி. ஓட ஓடத் தண்ணீர் கொதித்து ஆவி பறக்கும். அந்தக் காலத்தில் டெக்சஸ் பண்ணைகளில் தண்ணீர் இறைக்கவும் சோளம் உதிர்க்கவும் வைத்திருந்தார்களாம். சக்தி ஒன்றரைக் குதிரை. அந்த அரைக் குதிரை எந்த அரை என்று நான் கேட்டேன், இவர் சிரிக்கவில்லை. ஒருமுறை "டப்" என்று வெடிக்கும். வேகம் வந்துவிட்டால் வெடிப்பதை நிறுத்திவிட்டு "சுஃப், சுஃப், சுஃப்" என்று சும்மா சுற்றும். வேகம் குறைந்தால் இன்னொரு டப். அதாவது தேவைப்பட்டால் மட்டும் வேலை செய்யும், மற்ற நேரம் பெருமூச்சு விடும். இந்தக் குணத்தில் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார்.

ஆலங்கட்டி

டெக்சஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் எங்கள் வீட்டுக் கராஜ் இரண்டு கார் நிற்கும் கராஜ். அதில் ஒரு காரும் நின்றதில்லை. ஒரு பாதியில் என்ஜினும் அதன் பரிவாரமும்: பெல்ட்டு, ஸ்பேனர், டின் டின்னாய் எண்ணெய். மறுபாதியில் வீட்டு அத்தியாவசியங்கள், அவை கணக்கில் சேராது. இவருடைய பழைய பிக்கப் ட்ரக் வெளியில் நிற்கும்; அதில் புதிதாகப் பள்ளம் விழுந்தால் யாருக்குத் தெரியப் போகிறது. என் காரும் வெளியில் நின்றது. போன வசந்தத்தில் ஒரு சாயங்காலம் எலுமிச்சம்பழம் சைஸில் ஆலங்கட்டி விழுந்தது. பத்தே நிமிஷம். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கார் அம்மை போட்ட மூஞ்சியாயிற்று. கராஜுக்குள் என்ஜின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. குளிருமென்று போர்வை வேறு. என் போர்வை.

எங்கள் கான்வென்ட் ஹெட்மிஸ்ட்ரஸ் மதர், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இடம் உண்டு, இடமில்லாத பொருள் வீட்டில் இருக்கக் கூடாது என்பார். அதை நான் அன்று இவரிடம் தமிழில் சொன்னேன், கொஞ்சம் நீளமாக. இவருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அதையும் வீட்டிலிருந்தே பார்க்கிறார், அதனால் தப்பிக்க வழியில்லை. முழுவதையும் கேட்டார். துணியால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரிம்மா. அடுத்த ஆலங்கட்டி சீசனுக்குள்ள வித்துடலாம். பிராமிஸ். ஆனா விக்கிறது நீதான். எனக்கு வாய் வராது."

துரு

இப்படித்தான் நான் விற்பனைப் பிரதிநிதி ஆனேன். இந்த ஊர்ப்பக்கம் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சின்னச் சின்ன ஊர்களில் பழைய என்ஜின் கண்காட்சி நடக்கும். பெரிய மைதானம். வரிசையாக என்ஜின்கள். ஒவ்வொரு என்ஜினுக்கும் பக்கத்தில் துணியும் கையுமாக ஒரு கணவர். ஒவ்வொரு கணவருக்கும் பின்னால் மடக்கு நாற்காலியில் ஒரு மனைவி. முதல் நாள் நான் "விற்பனைக்கு" என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினேன். இவர் அதன் முன்னால் போய் நின்றுகொண்டார், யார் கண்ணிலும் படாதபடி. இடுப்பில் கையை வைத்து நகரச் சொன்னேன். நகர்ந்தார்.

அரை மணி நேரமாக ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை மீசை, சஸ்பெண்டர் போட்ட பேண்ட். வலையில் விழுந்துவிடுவார் என்று தெரிந்தது. எழுந்து போய், "பார்க்கத் துருப்பிடித்த மாதிரி இருக்கிறதே என்று யோசிக்காதீர்கள், நீங்கள் வாங்குவதாக இருந்தால் நாங்களே நன்றாகத் தேய்த்துப் பளபளவென்று பச்சைப் பெயின்ட் அடித்துத் தருகிறோம்" என்றேன். எங்கள் குக்கரைக்கூட நான் அப்படித்தான் விற்பேன். சுற்றி நின்ற ஐந்தாறு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சர்ச்சில் செல்போன் அடித்தது போல் ஆகிவிட்டது. மீசைக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்.

"மேம், இந்தத் துரு வர்றதுக்கு நூறு வருஷம் ஆயிருக்கு. ரெண்டு நாள்ல கெடுத்துடாதீங்க."

டாக்டர் ஹமீது

வெளியார் சரிப்படமாட்டார்கள், நம் ஆட்களிடம் தள்ளிவிடலாம் என்று முடிவு செய்தேன். டாக்டர் ஹமீது எங்கள் குடும்ப நண்பர். ஆஸ்டினில் இதய நிபுணர். திருநெல்வேலிக்காரர். சமீபத்தில் ஊருக்கு வெளியே நாலு ஏக்கர் வாங்கியிருக்கிறார், அதில் ஒரு காலி ஷெட் இருப்பதாக அவர் மனைவியே என்னிடம் உளறியிருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டேன். மீன் குழம்புக்கு அப்புறம் கராஜுக்கு அழைத்துப் போனோம். இவர் என்ஜினை அது உட்கார்ந்திருக்கும் சக்கர வண்டியோடு டிரைவ்வேக்குத் தள்ளிக்கொண்டு வந்து ஸ்டார்ட் பண்ணினார்.

டாக்டர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். டப்... சுஃப், சுஃப், சுஃப், சுஃப்... டப்... சுஃப், சுஃப்... டப். இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று இவரைக் கேட்டார். விற்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்று நான் சொல்லி வைத்திருந்தும் இவர் பதில் சொன்னார். "ஆபீஸ்ல ஒண்ணு நின்னா, ஏன் நின்னுதுன்னு கண்டுபிடிக்க ஆறு மீட்டிங் போடணும் டாக்டர். இது நின்னா குனிஞ்சு பார்த்தா போதும். ஏன் ஓடுது, ஏன் நின்னுது, ரெண்டும் கண்ணுக்குத் தெரியும்." டாக்டர் தலையாட்டினார். ஷெட் நிறைந்தது என்றே நான் நினைத்தேன். எழுந்து என்னிடம் வந்தார்.

"கேக்க சுகமாத்தான் இருக்கு. ஆனா நாள் பூரா இந்த ரிதத்தைக் கேட்டுட்டு வீட்டுக்கு வந்தா, இங்கயும் இதுவா? இதே துடிப்போட ஒரு பேஷண்ட் வந்தா நான் உடனே அட்மிட் பண்ணிடுவேன், தங்கச்சி."

வடை

அடுத்த கண்காட்சிக்குள் கோடை போய்விட்டது. எங்களுக்கு அடுத்த இடத்தில் டாரத்தி என்ற கிழவி. அவள் என்ஜின் ஐஸ்க்ரீம் கடைந்து தரும், அதைச் சுற்றிக் கூட்டம் மொய்க்கும். எங்கள் என்ஜின் சும்மா பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வேலை செய்து காட்டாத பொருளை எவன் வாங்குவான் என்று இவரைக் கேட்டேன். கேட்டது தப்பு. மோட்டார் எரிந்துபோன என் பழைய வெட் கிரைண்டர் ஒன்று கராஜில் கிடந்தது. அடுத்த மாதக் கண்காட்சிக்குள் இவர் பழைய மோட்டாரைக் கழற்றி எறிந்து, பெரிய சக்கரம் ஒன்றைப் பொருத்தி, பெல்ட் மாட்டி, கிரைண்டரை என்ஜினோடு முடிச்சுப் போட்டுவிட்டார்.

மைதானத்தில் உளுந்து அரைத்தோம். பாரம் ஏறினதும் என்ஜின் பெருமூச்சை விட்டுவிட்டு டப், டப், டப் என்று ஒழுங்காக உழைத்தது. வேலை கொடுத்தால் செய்கிறது, ஆச்சரியம்தான். மாவு பொங்கி வந்தது. ஒத்துக்கொள்ள மனமில்லை, ஆனாலும் சொல்கிறேன், மின்சாரத்தில் எனக்கு அப்படி வந்ததில்லை. கேம்ப் ஸ்டவ்வில் எண்ணெய் காயவைத்து வடை தட்டினேன். டாரத்தியின் கூட்டம் முழுக்க இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. டாரத்தியும் நகர்ந்துவிட்டாள். ஆறடி உயரத்தில் ஒரு விவசாயி நாலு வடையை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு, அட்டையில் நான் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தார்.

"இப்படி ஒரு பலகாரம் குடுக்கிற என்ஜினை விக்கிறீங்கன்னா, மேம், உங்க வீட்டில ஏதோ பெரிய பிரச்சினை."

மெதுவான பந்தயம்

அதே கண்காட்சியில் டிராக்டர் பந்தயம் ஒன்று உண்டு. கடைசியாக வருபவருக்குத்தான் பரிசு. வண்டி நிற்கக் கூடாது, நின்றால் அவுட். நிற்காமல் எவ்வளவு மெதுவாக ஊர்கிறீர்களோ அவ்வளவு சாமர்த்தியம். டாரத்தியின் கணவர் விட்டுப்போன டிராக்டர் ஒன்று இருந்தது. அவளுக்கு அன்றைக்கு முழங்கால் வலி, வடை கொடுத்த நன்றிக்கு என்னை ஏறச் சொன்னாள். நான் ஃப்ரீவேயில் முன்னால் ஒரு வண்டி போனால் அதைத் தாண்டாமல் மூச்சு விடாதவள். க்யூவில் நின்றால் முன்னால் நிற்பவரின் சில்லறையை நானே எண்ணிக் கொடுத்துவிடுவேன். பந்தய விதி என் தலைக்கு நன்றாகப் புரிந்தது. காலுக்குப் புரியவில்லை.

கொடி அசைந்தது. பக்கத்து டிராக்டர்க்காரர் வெயில் காய்வது போல உட்கார்ந்திருந்தார். என் பக்கத்தில் ஒரு ஆமை நடந்தாலும் தாண்டியிருக்கும், அதை என்னால் எப்படிப் பொறுத்துக்கொள்ள முடியும்? லேசாகத்தான் வேகத்தைக் கூட்டினேன். கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால் மற்ற எல்லோரும் பாதி வழியில் புல்லை ரசித்துக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் கைதட்டியது, எதற்கென்று எனக்குத் தெரியும். இவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. டாரத்தி நொண்டிக்கொண்டே வந்து என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"ஹனி, இந்தப் பந்தயத்தில இவ்வளவு சீக்கிரமா தோத்தவங்களை நான் பார்த்ததே இல்லை."

பக்கத்து வீட்டுக் குழந்தை

பக்கத்து வீட்டில் அனிதா. சின்னப் பெண், கைக்குழந்தைக்காரி, கணவனுக்கும் அவளுக்கும் கம்ப்யூட்டர் வேலை. தினம் மத்தியானம் இவர் சாப்பாட்டு வேளையில் என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டுவார். என்றைக்காவது அனிதா சண்டைக்கு வருவாள், அதைக் காரணமாக வைத்து என்ஜினை அன்றைக்கே கிளப்பிவிடலாம் என்று நான் ஆசையாகக் காத்திருந்தேன். ஒரு நாள் வந்தாள். கண் சிவந்திருந்தது, தலை வாரவில்லை, இடுப்பில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. "உள்ள வாம்மா, எதுவானாலும் தைரியமா சொல்லு, நான் உன் கட்சி" என்றேன்.

அன்று இவருக்கு மீட்டிங் நீண்டுபோய் என்ஜின் ஓடவில்லை. அது என் நினைவிலேயே இல்லை.

"ஆன்ட்டி, அங்கிள் இன்னிக்கு என்ஜின் ஆன் பண்ணலையா? அந்தச் சத்தம் இல்லாம இவன் தூங்க மாட்டேங்கறான். ப்ளீஸ் ஆன்ட்டி, ஒரு பத்து நிமிஷம்."

பூஜையில் வைத்தது

கடைசியில் உண்மையான ஆள் ஒருவர் அகப்பட்டார். பெயர் கிளேட்டன். எழுபது வயதிருக்கும், மேற்கே மாடு வளர்த்தவர், இப்போது மகனிடம் விட்டுவிட்டார். யாரோ வடையைப் பற்றிச் சொல்லி, அதிலிருந்து என்ஜினைப் பற்றித் தெரிந்துகொண்டிருக்கிறார். இன்று வருகிறேன், ஓட்டிக் காட்டுங்கள், பிடித்தால் வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன் என்று காலையில் போன் வந்தது, வேலை அவசரத்தில் நான் சரி என்றுவிட்டேன். அன்று ஆயுத பூஜை. கொலு வைத்த வீடு, ஹால் நிறையப் பொம்மை. கராஜைப் பெருக்கிக் கழுவி, காரையும் உள்ளே கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். தெருவில் வைத்துக் கற்பூரம் காட்டினால் ஃபயர் என்ஜின் வந்துவிடும். கார், தையல் மெஷின், அரிவாள்மணை, இவர் லேப்டாப், என்ஜின், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. கிளேட்டன் மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். இவர் துணியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"என்னங்க, தொடாதீங்க. பூஜையில வெச்சாச்சு. நாளைக்குத்தான் எடுக்கணும்."

"விக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னது நீ."

"விக்கணும்னுதான் சொன்னேன். ஆயுத பூஜை அன்னிக்கு ஓட்டணும்னு சொன்னேனா?"

கிளேட்டனிடம் நானே எடுத்துச் சொன்னேன். உழைக்கிற சாமான்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் ஓய்வு, அன்று அவற்றுக்கு நன்றி சொல்வோம், என் காரைக்கூட நான் இன்றைக்கு எடுக்க மாட்டேன். ஒரு வாடிக்கையாளரை வாசலோடு திருப்பி அனுப்புகிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் என்ஜின் நெற்றியில் இருந்த குங்குமத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"எங்கம்மா ஞாயித்துக்கிழமை டிராக்டரைத் தொட விடமாட்டாங்க. அறுத்த புல்லு மேல மழை வந்தாலும் சரி. பரவாயில்லை மேம், இந்த ஊர்ல என் தங்கச்சி வீடு இருக்கு, நான் நாளைக்கு வர்றேன்."

விஜயதசமி

மறுநாள் காலையில் வந்துவிட்டார். சுண்டல் கொடுத்தேன், இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். காரின் பக்கக் கண்ணாடியை மடக்கிவிட்டு, என்ஜின் வண்டியை வெளியே தள்ளினோம். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தேன், நசுங்கியது. இவர் ஒரே சுற்றில் ஸ்டார்ட் பண்ணினார். டப்... சுஃப், சுஃப், சுஃப். தொட்டியில் ஆவி கிளம்பியது. கிளேட்டன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அனிதா குழந்தையோடு வந்து நின்றாள். அது அவள் தோளில் தலையைச் சாய்த்தது. கேட்ட விலையைக் கொடுக்கிறேன் என்றார் கிளேட்டன். இவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்தார். நான் சுண்டல் கிண்ணத்தைத் துடைத்தேன். அதுவும் ஏற்கெனவே சுத்தம்தான்.

"நல்லா ஓடுதே, எதுக்கு விக்கிறீங்க?" என்றார் கிளேட்டன். இதற்காகத்தான் காத்திருந்தேன். ஆலங்கட்டியில் தொடங்கி அம்மைத் தழும்பு வரை ஒரு மூச்சில் சொன்னேன். இந்த என்ஜின் இருக்கும்வரை என் காருக்குக் கராஜில் இடமே கிடையாது என்று முடித்தேன். அவர் கராஜுக்குள் பார்த்தார். அங்கே என் கார் நின்றுகொண்டிருந்தது, பூவும் பொட்டுமாக. அதன் பக்கத்தில், என்ஜின் நின்ற இடத்தில், எண்ணெய்க் கறை.

"நேத்து ராத்திரி ரெண்டும் உள்ளதானே இருந்தது?"

"ஆமாம். பூஜைக்காக."

"இப்ப கார் நிக்கிற இடத்தில முன்னாடி என்ன இருந்தது?"

சகோதரிகளே, கான்வென்ட்டில் எல்.கே.ஜி.யிலிருந்து இன்றுவரை கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் நின்றதில்லை. கொலுப் படிகள், பொம்மைப் பெட்டிகள், நாலு பெரிய சூட்கேஸ், ஐம்பது பேருக்கு இட்லி வார்க்கும் கொப்பரை. அத்தனையும் ஒன்பது நாளாக ஹாலிலும் கெஸ்ட் ரூமிலும் இருந்தன. "பொம்மை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இவர் செய்த காரியங்களிலேயே மிகப் புத்திசாலித்தனமானது அதுதான். கிளேட்டன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கிளம்பத் தயாராகி, என் பக்கம் குனிந்து சொன்னார்.

"மேம், நான் சொல்லக் கூடாது. ஆனா உங்க காரை வெளியில நிறுத்தி வெச்சது இந்த என்ஜின் இல்லை."

மிச்சம்

அப்புறம் அவரும் விலையைப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை; வெறும் வண்டியோடுதான் திரும்பிப் போனார், சுண்டல் டப்பா ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு. அன்று சாயங்காலம் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடித்தபோது, நான் கேட்காமலே இவர் தன் ஆபீஸ் ரூம் அலமாரியைப் பொம்மைகளுக்குக் காலி செய்து கொடுத்தார்; படிகளும் சூட்கேஸும் கொப்பரையும் கெஸ்ட் ரூமிலேயே தங்கிவிட்டன. இப்போது தசாவதாரத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் மீட்டிங் பேசுகிறார். இந்த வசந்தத்தில் மறுபடி ஆலங்கட்டி விழுந்தது. கராஜில் காரும் என்ஜினும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. என் காரில் புதிதாக ஒரு பள்ளம் இல்லை. மழை விட்டதும் வேலிக்கு மேல் அனிதாவின் தலை தெரிந்தது.

"அங்கிள் ஓட்டலையா ஆன்ட்டி?"

கராஜுக்காகக் கணவரோடு போட வேண்டிய சண்டை ஏதாவது பாக்கி இருந்தால், சகோதரிகளே, பொம்மைப் பெட்டிகள் கராஜைவிட்டு ஹாலுக்கு ஏறுவதற்கு முன்பே அதைப் போட்டு ஜெயித்துவிடுங்கள்.